கஸ்டடி: காவலா, காப்பா, பொறுப்பா?

'கஸ்டடியில எடுத்துட்டாங்க' என்று யாராவது சொன்னால் நமக்குப் போலீஸ் ஸ்டேஷன்தான் ஞாபகம் வரும். குடும்பநல நீதிமன்றத்தில், பிரிந்த பெற்றோரில் யாரிடம் மூன்று வயதுப் பிள்ளை வளர வேண்டும் என்பதற்கும் அதே சொல்தான். லத்தீனில் 'கஸ்டோஸ்' காவல்காரர், 'கஸ்டோடியா' காவல். சிறை என்ற பொருளும் அங்கேயே உண்டு, ஆக இந்தக் குழப்பம் நாம் உண்டாக்கியது இல்லை.

இந்தக் கஸ்டடியைத் தமிழில் 'காவல்' என்று எழுதினால் '15 நாள் நீதிமன்றக் காவல்' என்று பேப்பரில் வருவதுதான் காதில் விழுகிறது. 'காப்பு' எனக்குப் பிடித்த சொல். 'கா' என்ற அதே வேர், பிள்ளைத்தமிழின் முதல் பருவமே காப்புப் பருவம், குழந்தையைக் காக்கச் சொல்லித் தெய்வங்களை வேண்டுவது. ஆனால் இன்றைக்குக் 'கையில் காப்பு மாட்டினார்கள்' என்றால் விலங்கு! சரி, அதுவும் போச்சு.

நான் 'வளர்க்கும் பொறுப்பு' என்று எழுதுவேன். பெற்றோரில் ஒருவர் ஊர் மாறும்போதுதான் சொல்லின் வித்தியாசம் உறைக்கும். பிள்ளை சென்னையில் அம்மாவிடம் வளர்கிறது, ஞாயிறுதோறும் அப்பா வந்து பார்க்கிறார், அம்மாவுக்குக் கோவையில் வேலை கிடைக்கிறது என்று வையுங்கள். 'கஸ்டடி எனக்கு, எங்கே வேண்டுமானாலும் கூட்டிப்போவேன்' என்பது அந்தச் சொல் கொடுக்கும் தைரியம். 1890ஆம் ஆண்டு கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டத்தின் 26ஆம் பிரிவோ, நீதிமன்றம் நியமித்த கார்டியனே, அதாவது சட்டப்படியான காப்பாளரே ஆனாலும் அந்த நீதிமன்றத்தின் அதிகார எல்லையைத் தாண்டிப் பிள்ளையைக் கொண்டுபோகப் பொதுவாக அனுமதி வாங்க வேண்டும் என்கிறது. வழக்குப் போடுவதும் பிள்ளை வழக்கமாக வசிக்கும் ஊரில்தான், ராத்திரியோடு ராத்திரியாக ரயிலேறிவிட்டால் மறுநாளே அது கோவை ஆகிவிடாது.

அப்புறம், பிள்ளைக்குச் சட்டப்படிப் பொறுப்பாளரான கார்டியன் வேறு, பிள்ளை யாரிடம் வளர்கிறது என்ற கஸ்டடி வேறு. 1956ஆம் ஆண்டு இந்து இளவர் (18 வயது நிரம்பாதவர்) மற்றும் காப்பாளர் சட்டம் அப்பாவை முதல் இயற்கைக் காப்பாளர் என்று சொல்லிக்கொண்டே, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை சாதாரணமாக அம்மாவிடம் இருக்க வேண்டும் என்கிறது. அதன் 13ஆம் பிரிவில் பிள்ளையின் நலன்தான் தலையாயது. விவரம் தெரிந்த பிள்ளையாக இருந்தால் அதன் விருப்பத்தையும் நீதிபதி கேட்கலாம்.

நம் தெருவில் யாரும் 'கஸ்டடி யாருக்கு?' என்று கேட்டு நான் பார்த்ததில்லை. 'பிள்ளை யார்கிட்ட வளருது?' என்றுதான் கேட்கிறார்கள்.