ஒரே எண்ணிக்கை, பல ஊர்களின் நேரம்: கணினியின் உலகக் கடிகாரம் இயங்கும் விதம்

சென்னையில் ஒரு வீட்டுக் கணினியின் திரையில் டொராண்டோ, லண்டன், சிங்கப்பூர், சிட்னி என்று நான்கு ஊர்களின் நேரம் வரிசையாகத் தெரிகிறது. பிள்ளைகளும் உடன்பிறந்தவர்களும் பல நாடுகளில் வாழும் குடும்பங்களில் இது இன்று வழக்கமான காட்சி. பார்ப்பவருக்கு நான்கு கடிகாரங்கள் தனித்தனியே ஓடிக்கொண்டிருப்பதுபோலத் தோன்றும். ஆனால் கணினிக்குள் ஓடுவது ஒரே ஓர் எண்ணிக்கைதான். அந்த எண்ணிக்கையை ஊருக்கு ஊர் எப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்லும் விதித்தொகுப்பு ஒன்று அதன் அருகில் இருக்கிறது. எண்ணிக்கை இயற்பியலைச் சார்ந்தது, விதித்தொகுப்பு அரசாங்கங்களின் முடிவுகளைச் சார்ந்தது. உலகக் கடிகாரத்தில் ஊரை எப்படிச் சேர்க்க வேண்டும், அதன் அலாரத்தை எந்த அளவுக்கு நம்பலாம் என்ற கேள்விகளுக்கு விடை இந்தப் பிரிவினையில்தான் இருக்கிறது.

யூனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தின் வழிவந்த லினக்ஸ், மேக் போன்றவற்றில் அந்த எண்ணிக்கை, யூடிசி எனப்படும் ஒருங்கிணைந்த உலக நேரப்படி, 1970 ஜனவரி 1 தொடங்கிய நள்ளிரவில் சுழியமாக இருந்தது. அதிலிருந்து கடந்த வினாடிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டப்பட்டு வருகின்றன. புவியின் சுழற்சியுடன் ஒத்துப்போவதற்காக 1972 முதல் உலக நேரத்தில் அவ்வப்போது சேர்க்கப்பட்ட 27 லீப் வினாடிகள் மட்டும் இந்தக் கூட்டலில் இடம்பெறுவதில்லை. விண்டோஸ் தன் எண்ணிக்கையை 1601-ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகிறது என்றாலும் முறை ஒன்றேதான். யூனிக்ஸ் எண்ணிக்கை 170 கோடியைத் தொட்ட கணத்தை எடுத்துக்கொள்வோம். லண்டனில் அப்போது 2023 நவம்பர் 14, இரவு 10 மணி 13 நிமிடம் 20 வினாடி. அதே கணத்தில் டொராண்டோவில் மாலை 5:13, சென்னையில் மறுநாள் அதிகாலை 3:43, சிங்கப்பூரில் காலை 6:13, சிட்னியில் காலை 9:13. ஐந்து ஊர்கள், இரண்டு தேதிகள், ஆனால் நினைவகத்தில் இருந்தது ஓர் எண் மட்டுமே.

இந்த எண்ணிக்கைக்குத் துடிப்பைத் தருவது குவார்ட்ஸ் படிகம். கணினியை முழுவதுமாக அணைத்துவிட்டாலும் தேதி மறக்காமல் இருப்பதற்குக் காரணம், மதர்போர்டு எனப்படும் முதன்மைச் சுற்றுப் பலகையில் உள்ள நாணய வடிவ பேட்டரியின் மின்சாரத்தில் ஓடும் ஒரு சிறிய கடிகாரச் சில்லு. அதனுடன் இணைந்த படிகம் வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. விந்தையாகத் தோன்றும் இந்த எண்ணை 15 முறை பாதியாக்கினால் சரியாக 1 கிடைக்கும். பாதியாக்குவது மின்னணுச் சுற்றுகளுக்கு மிக எளிய வேலை என்பதால், கைக்கடிகாரங்களிலும் இதே அதிர்வெண்தான் பயன்படுகிறது. ஆனால் படிகம் வெப்பநிலைக்கு ஏற்ப மாறும் தன்மையுடையது. ஏறத்தாழ 25 டிகிரி செல்சியசில் மிகச் சரியாக அதிரும்படி வெட்டப்படும் இவ்வகைப் படிகம், அதைவிட வெப்பம் கூடினாலும் குறைந்தாலும் சற்றே மந்தமாகிவிடுகிறது. பத்து லட்சத்தில் இருபது பங்கு பிழை என்பது கேட்பதற்கு அற்பமானதுதான். ஆனால் அது நாளுக்கு ஒன்றே முக்கால் வினாடியாகவும், மாதத்துக்கு ஐம்பது வினாடிக்கும் மேலாகவும் வளர்ந்துவிடும்.

ஆகவே கணினி அவ்வப்போது இணையத்தில் உள்ள நேரச் சேவையகம் ஒன்றிடம் நேரம் கேட்கிறது. இதற்கான என்டிபி (நெட்வொர்க் டைம் புரோட்டோகால்) நெறிமுறையை 1980-களில் அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் மில்ஸ் உருவாக்கினார். பதில் வந்து சேர்வதற்குள் நேரம் ஓடிவிடுமே என்ற சிக்கலை இந்த நெறிமுறை தீர்க்கும் விதம் எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. உங்கள் கணினி தன் கடிகாரப்படி சரியாகப் பத்து மணிக்குக் கேள்வியை அனுப்புகிறது என்று கொள்வோம். சேவையகம் தன் கடிகாரப்படி பத்து மணி கடந்து 530 மில்லி வினாடியில் அதைப் பெற்று, 540-இல் பதிலை அனுப்புகிறது. கணினியின் கடிகாரம் 70 மில்லி வினாடியைக் காட்டும்போது பதில் வந்து சேர்கிறது. போகும்போது தெரியும் வேறுபாடு 530. வரும்போது தெரியும் வேறுபாடு 540-இலிருந்து 70 போக 470. பயண நேரம் முதல் எண்ணில் கூடுதலாகவும் இரண்டாவதில் குறைவாகவும் கலந்திருப்பதால், இரண்டின் சராசரியை எடுத்தால் அது நீங்கிவிடுகிறது. கணினி சரியாக 500 மில்லி வினாடி பின்தங்கியிருக்கிறது என்பது தெரிந்துவிடும். போகும் வழியும் வரும் வழியும் ஒரே அளவு நேரம் எடுக்க வேண்டும் என்பதே இதில் உள்ள ஒரே நிபந்தனை. வேறுபாடு மிகச் சிறியதாக இருந்தால் கணினி தன் கடிகாரத்தைத் திடீரென்று நகர்த்தாமல், சில காலம் சற்றே வேகமாகவோ மெதுவாகவோ ஓடவிட்டுச் சரிசெய்துகொள்ளும். நேரம் பின்னோக்கி நகர்ந்தால் குழம்பிப்போகும் நிரல்கள் பல உண்டு.

ஒரே கணினியில் விண்டோசையும் லினக்சையும் நிறுவியவர்கள் ஒரு விநோதத்தைச் சந்தித்திருப்பார்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறியதும் நேரம் சரியாக ஐந்தரை மணி நேரம் தவறிக் காட்டும். பேட்டரிக் கடிகாரத்தில் உள்ளது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்வதும், அது யூடிசி என்று லினக்ஸ் எடுத்துக்கொள்வதும்தான் காரணம். பிழை ஐந்தரை மணி நேரமாக இருப்பதே, கடிகாரம் பழுதாகவில்லை, படிக்கும் விதிதான் மாறிவிட்டது என்பதற்குச் சான்று.

இந்திய நேரம் யூடிசியைவிட ஐந்தரை மணி நேரம் முன்னே இருப்பதும் மனிதர்கள் எடுத்த முடிவுதான். புவி ஒரு மணி நேரத்தில் 15 டிகிரி சுழல்கிறது. உத்தரப் பிரதேசத்தின் மிர்சாபூருக்கு அருகே செல்லும் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை 15-ஆல் வகுத்தால் ஐந்தரை வரும். இந்திய நேரம் என்று இது நடைமுறைக்கு வந்தது 1906 ஜனவரி 1 அன்று. அதற்கு முன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய ரயில்கள் மெட்ராஸ் வானாய்வகத்தை அடிப்படையாகக் கொண்ட மெட்ராஸ் நேரப்படி, அதாவது கிரீன்விச்சைவிட ஏறத்தாழ 5 மணி 21 நிமிடம் முன்னதாக ஓடின. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை, இந்தியக் கடிகாரங்கள் மேலும் ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டிருந்தன.

இலங்கையின் வரலாறு இன்னும் அண்மையது. மின் பற்றாக்குறையைச் சமாளிக்க 1996 மே மாதம் அந்நாடு ஐந்தரையிலிருந்து ஆறரைக்கு மாறியது. அதே ஆண்டு அக்டோபரில் ஆறுக்கு இறங்கியது. 2006 ஏப்ரலில் மீண்டும் ஐந்தரைக்குத் திரும்பியது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் இந்த மாற்றங்களை ஏற்காமல் பழைய ஐந்தரையையே பின்பற்றின. ஒரே தீவில் இரு நேரங்கள் பல ஆண்டுகள் இருந்தன. விண்டோசின் நேர மண்டலப் பட்டியலில் சென்னை, கொல்கத்தா, மும்பை, புது தில்லிக்கு ஒரு வரியும், அதே ஐந்தரையுடன் இலங்கையின் ஸ்ரீ ஜெயவர்த்தனபுரவுக்குத் தனி வரியும் இருப்பதைப் பார்த்து, இது எதற்கு இரண்டு முறை என்று வியந்தவர்கள் உண்டு. இன்றைய நேரம் ஒன்றாக இருந்தாலும் இரண்டின் கடந்த காலமும் ஒன்றல்ல. 2003-இல் கொழும்பின் கடிகாரம் சென்னையின் கடிகாரத்தைவிட அரை மணி நேரம் முன்னே இருந்தது.

இத்தகைய மாற்றங்களையெல்லாம் நாடு நாடாகத் திரட்டி வைத்திருப்பது நேர மண்டலத் தரவுத்தளம். ஆர்தர் டேவிட் ஓல்சன் 1980-களில் தொடங்கிய இதை இன்று பால் எகர்ட் ஒருங்கிணைக்கிறார். 2011 முதல் இணைய எண்களை நிர்வகிக்கும் ஐயானா இதை வெளியிட்டு வருகிறது. லினக்ஸ், ஆண்ட்ராய்டு, மேக் கணினிகள் எல்லாம் இதையே நம்பியிருக்கின்றன. இதில் மண்டலங்களுக்கு எண்களோ நாட்டுப் பெயர்களோ சூட்டப்படவில்லை; பெரிய ஊர் ஒன்றின் பெயர் சூட்டப்படுகிறது. 1970-க்குப் பின் ஒரே நேரத்தைக் காட்டிவந்த பகுதிக்கு ஒரு பெயர் போதும் என்பது விதி. சென்னையைத் தேடுபவருக்கு ‘ஏசியா/கொல்கத்தா’ மட்டும் கிடைப்பது இதனால்தான். நாடுகளின் எல்லைகளும் பெயர்களும் மாறிக்கொண்டே இருக்க, ஊர்கள் நிலைத்திருக்கின்றன என்பதை உணர்ந்து எடுக்கப்பட்ட இந்த முடிவைக் கணினித் துறையின் மிக நல்ல முடிவுகளுள் ஒன்றாக நான் கருதுகிறேன்.

பயன்படுத்துபவரும் இதையே பின்பற்ற வேண்டும். உலகக் கடிகாரத்தில் ‘யூடிசி கழித்தல் 5’ என்று எண்ணைத் தேர்ந்தெடுத்தால் அது குளிர்காலத்தில் டொராண்டோவுக்குப் பொருந்தும், கோடையில் ஒரு மணி நேரம் தவறும். டொராண்டோ என்று ஊரைத் தேர்ந்தெடுத்தால் மாற்றங்கள் தாமாகவே கணக்கில் வரும். சுருக்கெழுத்துகளையும் நம்பக் கூடாது. ஐஎஸ்டி என்பது இந்தியாவுக்கும் இஸ்ரேலுக்கும் அயர்லாந்துக்கும் பொதுவான சுருக்கம்.

கோடைக்கால நேரம் இந்தியாவில் இல்லாததால் நம்மை அது அடிக்கடி ஏமாற்றுகிறது. அமெரிக்காவின் பெரும்பகுதியும் கனடாவின் பெரும்பகுதியும் மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, நவம்பரின் முதல் ஞாயிறன்று பின்னே இழுக்கின்றன. ஐரோப்பாவின் பெரும்பகுதியில் இது மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறுகளில் நடக்கிறது. சிட்னி தென்கோளத்தில் இருப்பதால் அங்கு எதிர்த்திசையில், அக்டோபரில் முன்னே சென்று ஏப்ரலில் திரும்புகிறது. ஆகவே மார்ச்சில் இரண்டு மூன்று வாரங்களுக்கு டொராண்டோ மாறியிருக்கும், லண்டன் மாறியிருக்காது; வழக்கமாக ஐந்து மணி நேரமாக இருக்கும் அவற்றின் இடைவெளி நான்காகச் சுருங்கும். சென்னையில் இரவு 8 மணிக்குப் பேசும் தாய்க்கு டொராண்டோ மகள் கோடையில் காலை 10:30 மணிக்கும், குளிர்காலத்தில் 9:30 மணிக்கும் கிடைக்கிறாள். சில அரசாங்கங்கள் இறுதி நேரத்தில் முடிவை மாற்றுவதும் உண்டு. 2023 மார்ச்சில் லெபனான் அரசு கோடை நேரத்தைத் தள்ளிவைப்பதாகச் சில நாட்கள் முன்னதாக அறிவிக்க, நாட்டின் ஒரு பகுதியினர் அதை ஏற்க மறுத்ததால் இரு நேரங்கள் ஒன்றாக நிலவின; பிறகு முடிவு திரும்பப் பெறப்பட்டது. இயங்குதளப் புதுப்பிப்புகளை நிறுத்தி வைத்திருக்கும் கணினி, இத்தகைய மாற்றங்களை அறியாமல் பழைய விதியையே படித்துக்கொண்டிருக்கும்.

அலாரத்துக்கு வருவோம். அலாரம் வைத்ததும் நிரல் இடைவிடாமல் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் காத்திருக்கும் வேலைகளையெல்லாம் இயங்குதளம் வரிசைப்படுத்தி வைத்துக்கொண்டு, மிக அருகில் உள்ள ஒன்றுக்கு மட்டும் வன்பொருள் டைமரை அமைக்கிறது. அதன் சமிக்ஞை வரும்வரை நிரல் உறங்குகிறது. இங்கு இருவகைக் காத்திருப்பு உண்டு. ‘முப்பது நிமிடம் கழித்து’ என்பது ஒரு கால அளவு. கடிகாரத்தை யார் மாற்றினாலும் அது மாறக் கூடாது. ‘காலை 6 மணிக்கு’ என்பது ஓர் ஊரின் கடிகார முகம். விதி மாறினால் அதுவும் மாற வேண்டும். டொராண்டோவில் மார்ச் மாத மாற்றத்தின்போது அதிகாலை 2:30 என்ற நேரமே வராது; நவம்பரில் 1:30 இருமுறை வரும். அங்கு வாழ்பவர்கள் அந்த இரு ஞாயிறுகளில் ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடையே அலாரம் வைக்காமல் இருப்பதே நல்லது. கணினியின் அலாரங்கள் பெரும்பாலும் அந்தக் கணினி இருக்கும் ஊரின் நேரத்தையே பின்பற்றுபவை. ஆகவே டொராண்டோவின் காலை 9 மணிக் கூட்டத்துக்குச் சென்னையில் மாலை 6:30-க்கு அலாரம் வைத்தவர், நவம்பரில் அதை 7:30-க்கு மாற்ற வேண்டும். கூட்டத்தை டொராண்டோ நேரத்துடன் நாட்காட்டிச் செயலியில் பதிந்தால் இந்த வேலையை அது பார்த்துக்கொள்ளும்.

மடிக்கணினியை மூடி வைத்தால் நிலைமை வேறு. ஸ்லீப் நிலையில் மையச் செயலி நின்றுவிடுகிறது. பேட்டரிக் கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சில்லிலும் அலாரம் வசதி உண்டு, அது குறித்த நேரத்தில் கணினியை எழுப்பவும் வல்லது. ஆனால் கடிகாரச் செயலி அதைக் கேட்டுப் பெற வேண்டும், மின் மேலாண்மை அமைப்புகளும் அதை அனுமதிக்க வேண்டும். பல கணினிகளில் இந்த இரண்டும் சேர்ந்து அமைவதில்லை. விண்டோசின் கடிகாரச் செயலியே, கணினி விழித்திருந்தால்தான் அலாரம் ஒலிக்கும் என்று எச்சரிக்கிறது. உங்கள் கணினி எந்த வகை என்பதை அறிய, ஐந்து நிமிடம் கழித்து ஒலிக்கும்படி ஓர் அலாரம் வைத்துவிட்டு, ஒலியளவைக் கூட்டி, ஹெட்போனைக் கழற்றி, மூடியைச் சாத்திவிட்டு அருகிலேயே காத்திருந்து பார்க்கலாம்.