மழை பெய்தால் ட்ரிப் ஆகும் நீச்சல் குளம்

கோத்தகிரிப் பக்கம், தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு பழைய பங்களா. குளத்து நீரைச் சூடாக்க, வெளிக்காற்றின் வெப்பத்தை இழுத்து நீருக்குக் கொடுக்கும் ஹீட் பம்ப் பொருத்தித் தர வேண்டும் என்று வீட்டுக்காரர் அழைத்திருந்தார். மே மாத விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வருவதற்குள் வேலை முடிய வேண்டுமாம். குளத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது தோட்டக்காரர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "ஏணிக் கம்பியைத் தொட்டால் சில நாள் சுள்ளென்று இருக்கும் அண்ணா. குளிருக்கு அப்படித்தான்."

குளிரில் கம்பி சில்லென்று இருக்கும், சுள்ளென்று இருக்காது. ஏணிக்கும் ஈர மண்ணில் அடித்த ஒரு கம்பிக்கும் இடையே மீட்டரை வைத்தேன். 38 வோல்ட் காட்டியது. செருப்புக் காலோடு தொடுகிறவருக்கு அது வெறும் சுரீர். நனைந்த உடம்போடு தண்ணீரில் நிற்கும் குழந்தைக்கு அப்படியல்ல. கைகால் இறுகிவிடும், கத்தவும் முடியாது, அப்படியே மூழ்கிவிடும்.

மெயின் போர்டைத் திறந்து பார்த்தேன். மின்கசிவு கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இருந்தது. ஆனால் மின்சாரம் அதன் வழியாகப் போகாதபடி துண்டு வயர்களைப் போட்டுச் சுற்றி அனுப்பியிருந்தார்கள். மழை பெய்தாலே ட்ரிப் ஆகிக்கொண்டிருந்ததால், முன்பு வேலை பார்த்தவர் அப்படிச் செய்துகொடுத்தாராம். வருத்தமாக இருந்தது. ட்ரிப் ஆனது கோளாறு அல்ல. எங்கோ மின்சாரம் கசிகிறது என்று அந்தக் கருவி ஒவ்வொரு மழைக்கும் சொல்லிக்கொண்டிருந்தது.

அளவு மீறி மின்சாரம் ஓடினால் தானே விழும் சுவிட்சான எம்சிபி இருக்கிறதே, போதாதா என்று பலர் கேட்கிறார்கள். எம்சிபி வயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. 10 ஆம்பியர் எம்சிபி விழ அதைவிட அதிக மின்சாரம் ஓட வேண்டும். மனிதரைக் கொல்ல அதில் நூற்றில் ஒரு பங்கு போதும். போன மின்சாரம் முழுவதும் திரும்பி வருகிறதா என்று பார்ப்பது ஆர்சிசிபி. 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும்.

கசிவு எங்கே என்று தேடினால், நீருக்கடியில் இருந்த இரண்டு விளக்குகளுக்கும் நேராக 230 வோல்ட் போயிருந்தது. ஜங்ஷன் பாக்ஸின் அடியில் ஒரு விரற்கடை மழைநீர். டேப் சுற்றிய இணைப்பில் செம்பு பச்சை பூத்துக் கிடந்தது. மின்சாரம் கசியாமல் வயரின் உறை எவ்வளவு தடுக்கிறது என்று அளக்கும் மெக்கரை வைத்துப் பார்த்தால் 0.02 மெகா ஓம். ஒன்றுக்குக் கீழே வரவே கூடாது.

ஹீட் பம்ப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன். முதலில் விளக்குகளை 12 வோல்ட்டுக்கு மாற்றினோம். அதற்கான பாதுகாப்பு டிரான்ஸ்பார்மரைக் குளக்கரையிலிருந்து மூன்றரை மீட்டருக்கு அப்பால், நனையாத இடத்தில் வைத்தோம். ஏணி, கைப்பிடி, இரும்புக் குழாய், மோட்டார் உடல் எல்லாவற்றையும் செம்புக் கம்பியால் ஒன்றாக இணைத்து எர்த்தோடு சேர்த்தோம். கைக்கு எட்டும் உலோகங்களுக்கிடையே வோல்டேஜ் வித்தியாசமே இருக்கக்கூடாது, அதற்காகத்தான் இது. ஆசிட்டும் குளோரினும் மின் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருந்தன. அந்த ஆவியில் பெட்டி துருப்பிடித்திருந்தது. அவற்றை வெளியே, தனித்தனியாக வைக்கச் சொன்னேன்.

மலையில் எர்த் குழியை மழைக்காலத்தில் சோதித்துவிட்டு நிம்மதி அடையாதீர்கள். ஈர மண் நல்ல அளவைத்தான் காட்டும். பாறை மேல் மண் காய்ந்து கிடக்கும் பிப்ரவரி, மார்ச்சில் அளந்தால்தான் உண்மை தெரியும்.

பம்ப் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. சாதாரண மோட்டார்கள் 1,000 மீட்டர் உயரம் வரைக்கும் கணக்கிட்டுச் செய்யப்படுபவை. கோத்தகிரியும் குன்னூரும் அதைவிட மிக உயரம். காற்று மெலிந்திருப்பதால் மோட்டார் சரியாகக் குளிராது. இந்த உயரத்தைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். சூடாக்குவதற்கும் கணக்கு உண்டு. 40,000 லிட்டர் நீரை ஒரு டிகிரி ஏற்ற ஹீட்டர் காயிலுக்குச் சுமார் 46 யூனிட் ஆகும். ஹீட் பம்புக்கு அதில் கால் பங்கு அளவு போதும், குளிர் கூடினால் செலவும் கூடும். இரவில் குளத்தை மூடி வைத்தால் பெரும் மிச்சம், ஏனென்றால் சூடு பெரும்பாலும் ஆவியாகித்தான் போகிறது.

அந்த வீட்டில் இப்போது மாதம் பிறந்ததும் தோட்டக்காரர் ஆர்சிசிபியின் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பார்த்துக் காலண்டரில் குறிக்கிறார்.

உங்கள் வீட்டுக் குளத்து ஏணி இன்று சுள்ளென்றால் மெயினை அணையுங்கள், யாரையும் தண்ணீரில் இறங்க விடாதீர்கள், லைசென்ஸ் பெற்ற எலக்ட்ரீஷியனை அழையுங்கள். உள்ளே யாராவது துடித்தால் பதறிக் குதிக்காதீர்கள். மெயினை அணைத்த பிறகே கை கொடுங்கள்.