இணைய பில் ஏன் ஏறுகிறது? பக்கேஜ் மாற்றுவதற்கு முன் பாருங்கள்

"எந்தப் பக்கேஜ் மலிவு?" திருகோணமலையில் இணைப்பு வேலைக்குப் போகும் இடமெல்லாம் முதலில் கேட்பது இதைத்தான். யார், எந்த நேரத்தில், எதற்குப் பாவிக்கிறீர்கள் என்று தெரியாமல் நான் பதில் சொல்வதில்லை.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து விடுதிகளிலும் நகரத்துக் கடைகளிலும் டேட்டாவை விழுங்குவது பெரும்பாலும் கமராதான். ஒரு கமரா 2 எம்பிபிஎஸ் வேகத்தில் இரவு பகலாகப் படத்தை இணையத்துக்கு அனுப்பினால், நாளொன்றுக்கு 21 ஜிபிக்கு மேல் போகும். மாதத்துக்கு ஏறக்குறைய 650 ஜிபி. நான்கு கமரா வைத்திருப்பவர் இதை நான்கால் பெருக்கிப் பார்க்கட்டும். பில்லைக் கண்டு பதறிப் பெரிய பக்கேஜுக்கு மாறுகிறார்கள். அது தேவையே இல்லை. பதிவு முழுவதும் கடையிலுள்ள ஹார்ட் டிஸ்க்கில் விழட்டும். அசைவு தெரியும்போது மட்டும் போனுக்கு அறிவிப்பு வந்தால் போதும். இந்த செட்டிங்கை மாற்றித் தரும்படி கமரா பூட்டியவரிடமே கேளுங்கள்.

வீடுகளில் பிரச்சினை வேறு. பின் அறையில் பிள்ளைக்கு ஒன்லைன் வகுப்பு தடைப்படுகிறது என்று வேகத்தைக் கூட்டுகிறார்கள். ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்று வேகத்தைச் சோதியுங்கள். அங்கே நன்றாக இருந்தால் குறை சுவரில்தான். 5 கிகாஹேர்ட்ஸ் வைஃபை வேகமானது, ஆனால் தடித்த சுவரை எளிதில் தாண்டாது, 2.4 கிகாஹேர்ட்ஸ் அதைவிடச் சற்றுக் கூடுதல் தூரம் போகும். வயர் இழுத்து, வைஃபையைப் பரப்பும் அக்சஸ் பொயின்ட் என்ற பெட்டி ஒன்றை அந்தப் பக்கம் வைப்பது ஒருதரச் செலவு. பெரிய பக்கேஜுக்கு மாதாமாதம் கட்ட வேண்டும்.

கந்தோர்களுக்கு அப்லோட், அதாவது நாம் ஃபைல்களை அனுப்பும் வேகமும் முக்கியம். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது டவுன்லோட் வேகத்தை மட்டும்தான்.

ஃபைபருக்கு, அதாவது கண்ணாடி இழை இணைப்புக்கு மாறுபவர்கள் இன்னொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பழைய செப்புக் கம்பித் தொலைபேசிக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வந்தது. கரண்ட் போனாலும் பேசலாம். ஃபைபர் பெட்டி அப்படியல்ல, கரண்டோடு போனும் நின்றுவிடும். மாரியில் காற்றும் மழையுமாகக் கரண்ட் போகும் நாட்களில், முதியவர்கள் தனியே இருக்கும் வீட்டுக்கு இது சின்ன விஷயமில்லை. கரண்ட் போனாலும் பற்றரியில் ஓடவைக்க ரவுட்டருக்கென்றே வரும் சிறிய யூபிஎஸ் ஒன்றின் விலையையும் சேர்த்தே இணைப்புச் செலவைப் பாருங்கள்.

கையெழுத்து வைக்குமுன் சொல்லும் விலையில் வரி சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். 2024 ஜனவரியிலிருந்து வற் வரி மட்டும் 18 சதவீதம். டேட்டா முடிந்தபின் வேகம் எவ்வளவு குறையும், இரவு டேட்டா எத்தனை மணிக்குத் தொடங்கும் என்பதும் தெரிய வேண்டும். வாடகை வீட்டுக்காரர்கள், வீடு மாறினால் இணைப்பை மாற்ற எவ்வளவு எடுப்பார்கள் என்பதையும் எழுத்தில் வாங்கி வையுங்கள்.