உச்சி வெயிலில் கண்கள் எங்கே போகின்றன?

தென்காசிப் பக்கத்திலிருந்து ஓர் உடற்கல்வி ஆசிரியை இரண்டு படங்களை அனுப்பியிருந்தார். பள்ளி விளையாட்டு விழாவில் 200 மீட்டர் ஓட்டத்தில் முதலில் வந்த எட்டாம் வகுப்பு மாணவியின் படங்கள். முதல் படத்தில் பதக்கத்தோடு நிற்கிறாள். கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புக் குழிகள். மூக்குக்கு அடியில் மீசை வரைந்ததுபோல் ஒரு நிழல். நெஞ்சில் குத்தியிருந்த எண் தெரியாத அளவுக்கு வெள்ளைச் சட்டை வெளுத்துக் கிடக்கிறது. இரண்டாவது படத்தில் எல்லைக் கோட்டைத் தொடுகிறாள். இடப்பக்கம் மட்டும் ஒன்றரைக் கை. “போன் பழசாகிவிட்டது. புதிதாக வாங்கினால் சரியாகுமா?” என்று கேட்டிருந்தார்.

வாங்க வேண்டாம். போன்மேல் குற்றம் கொஞ்சம்தான். படம் எடுத்த நேரம் 12.20 என்று படத்தின் விவரத்திலேயே இருக்கிறது. அழைப்பிதழில் காலை 8 மணி என்றுதான் போட்டிருப்பார்கள். சிறப்பு விருந்தினர் பத்தரைக்கு வந்து, கொடியேற்றி, தீபமேற்றி, அணிவகுப்பு மரியாதையை ஏற்று, ஒழுக்கத்தைப் பற்றி நாற்பது நிமிடம் பேசி முடித்தபின் ஓடவிட்டால் உச்சி வெயிலில்தான் ஓட வேண்டும். அவருக்கென்ன, ஷாமியானா இருக்கிறது.

ஒன்றரைக் கையை முதலில் முடித்துவிடலாம். வெளிச்சமும் நிழலும் கலந்த காட்சியைக் கண்டால் இன்றைய போன்கள் ஒரே படமாக எடுப்பதில்லை. கண்ணிமைக்கும் நேரத்தில் பல படங்களை எடுத்து, ஒன்றின் நிழலையும் இன்னொன்றின் வெளிச்சத்தையும் சேர்த்து ஒட்டுகின்றன. கோயில் கோபுரம் அசையாது. அதற்கு இது அருமையான உத்தி. ஓடும் பெண்ணின் கை முதல் படத்தில் ஓரிடத்தில் இருக்கும், மூன்றாவது படத்தில் வேறிடத்தில் இருக்கும். ஒட்டும்போது போன் குழம்பினால் கை ஒன்றரை ஆகிவிடும். அமைப்புகளில் எச்.டி.ஆர். என்று இருப்பதை அணைக்க முடிந்தால், ஓட்டப் போட்டி முடியும்வரை அணைத்து வையுங்கள்.

வெளிச்சம் போதவில்லை என்பதற்கு உச்சி வெயிலில் இடமே இல்லை. பழைய ஃபிலிம் காலத்துப் படக்காரர்கள் மீட்டர் இல்லாமலேயே ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். நல்ல வெயிலில் லென்ஸின் துளையை எஃப் 16-இல் வைத்தால், ஃபிலிமின் வேக எண் எவ்வளவோ அதில் ஒரு பங்கு நொடிக்கு ஷட்டரைத் திறந்தால் போதும். 100 ஐ.எஸ்.ஓ. ஃபிலிம் என்றால் 1/100 நொடி. எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிதாகும். துளையை எஃப் 4 வரை பெரிதாக்கினால் பதினாறு மடங்கு வெளிச்சம் நுழையும். ஷட்டர் 1/1600 நொடிக்குப் போய்விடும். 200 மீட்டரை 30 நொடியில் ஓடும் பெண் அந்த நேரத்துக்குள் நான்கு மில்லிமீட்டர்தான் நகர்ந்திருப்பாள். பாதத்துக்கடியில் கிளம்பும் மண் துகள்கூட அந்தரத்தில் நின்றுவிடும். விளையாட்டுப் படம் எடுப்பவருக்கு வெயில் இலவசமாகத் தரும் வரம் இது.

அப்படியானால் முகம் ஏன் கெட்டது? வெயில் ‘கடுமையாக’ இருப்பதால் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். சூட்டையும் வெளிச்ச அளவையும் மனத்தில் வைத்துச் சொல்வது அது. படத்தைப் பொறுத்தவரை வெயிலின் கடுமைக்குக் காரணம் வேறு: சூரியன் மிகச் சிறியது. வானத்தில் அது அடைத்துக்கொள்ளும் அகலம் அரை டிகிரிதான். கையை நீட்டிச் சுண்டுவிரலை உயர்த்தினால் அந்த நகத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். (சூரியனை வைத்துச் சோதிக்காதீர்கள், முழுநிலவும் ஏறக்குறைய அதே அகலம்தான், அதை வைத்துப் பாருங்கள்.)

இதன் விளைவைக் காண மைதானத்துக்கே போக வேண்டியதில்லை, மொட்டை மாடி போதும். நண்பகலில் உள்ளங்கையைத் தரைக்கு ஒரு சாண் மேலே பிடியுங்கள். நிழலின் ஓரம் கத்தரியால் வெட்டியதுபோல் இருக்கும். கையை மெல்லத் தலைக்கு மேல் உயர்த்துங்கள். ஓரம் கரையத் தொடங்கும். விரல்களின் நிழல் நடுவில் கறுப்பாகவும் இரு பக்கமும் சாம்பலாகவும் பிரியும். பள்ளியில் கிரகணப் பாடத்தில் படித்த கருநிழலும் புறநிழலும் இவைதாம். கிரகணத்துக்காகக் காத்திருக்க வேண்டியதே இல்லை. நாள்தோறும் நம் காலடியில் விழுகின்றன.

கணக்கு எளிது. சூரியனின் தொலைவை அதன் விட்டத்தால் வகுத்தால் 108-க்கு அருகில் வரும். ஆகவே நிழல் தரும் பொருளுக்கும் நிழல் விழும் இடத்துக்கும் உள்ள தூரத்தை 108-ஆல் வகுத்தால், நிழலோரம் எவ்வளவு அகலத்துக்கு மங்கும் என்பது கிடைத்துவிடும். தெரு மின்கம்பத்தின் நிழல் தரையில் பளிச்சென்று கிடக்கிறது, கம்பியின் நிழலைத் தேட வேண்டியிருக்கிறதே, ஏன்? ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள கம்பியின் கருநிழல் 108 சென்டிமீட்டர் கீழே வருவதற்குள் கூம்பாகக் குறுகி மறைந்துவிடுகிறது. எட்டு மீட்டர் கீழே தரையை எட்டுவது ஏழு, எட்டு சென்டிமீட்டர் அகலத்துக்குப் பரவிய ஒரு மங்கல் மட்டுமே. உயரப் பறக்கும் காக்கையின் நிழல் தரையில் ஒரு புகையாக ஓடுவதும், அது தாழ இறங்க இறங்க இறகு இறகாகத் தெளிவதும் இதே கணக்குத்தான். எனக்கு இதில் தீராத மயக்கம் உண்டு. பஸ் நிறுத்தத்தில் காத்திருக்கும்போதெல்லாம் நிழலோரங்களை அளந்துகொண்டிருப்பேன்.

108 என்றதும் “முன்னோர்கள் முட்டாள்கள் இல்லை” என்று வாட்ஸ்அப்பில் அனுப்பக் கிளம்பிவிடாதீர்கள். பூமியின் பாதை நீள்வட்டம். ஜனவரித் தொடக்கத்தில் அந்த எண் ஏறத்தாழ 105.6, ஜூலைத் தொடக்கத்தில் 109.2. ஜபமாலையின் 108 மணிகளை மாதாமாதம் கூட்டிக் குறைப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை.

வேப்ப மரத்தடியில் சிதறிக் கிடக்கும் வட்டக் காசுகளையும் பார்த்திருப்பீர்கள். இலை இடுக்குகள் கோணல்மாணலாக இருக்க, வெளிச்சம் மட்டும் ஏன் வட்டமாக விழுகிறது? ஒவ்வொரு காசும் சூரியனின் படம். இடுக்கு ஐந்து மீட்டர் உயரத்தில் இருந்தால் காசின் அகலம் சுமார் நாலரை சென்டிமீட்டர். 2019 டிசம்பர் 26 அன்று கங்கண கிரகணம் கோவை, திண்டுக்கல் வழியாகப் போனபோது, மரத்தடிக் காசுகள் எல்லாம் வளையல்களாக மாறின. ஒரு பள்ளிக்குக்கூடச் செலவில்லாத அறிவியல் கண்காட்சி அது. அந்த நேரத்தில் பல வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டு தாம்பாளத்தில் உலக்கையை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூண் தட்டையாக இருந்தால் உலக்கை எந்தச் செவ்வாய்க்கிழமையும் நிற்கும்.

இப்போது அந்தப் பெண்ணின் முகத்துக்கு வருவோம். புருவ மேட்டிலிருந்து கன்னத்துக்கு இரண்டு சென்டிமீட்டர் என்று வையுங்கள். 108-ஆல் வகுத்தால் நிழலோரம் மங்குவதற்குக் கிடைக்கும் இடம் 0.2 மில்லிமீட்டர்கூட இல்லை. வெளிச்சம் முடிந்த இடத்தில் இருட்டு கோடு கிழித்ததுபோல் தொடங்கிவிடுகிறது. கிரிக்கெட் தொப்பியின் முன்விளிம்பு பத்து சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தாலும் மங்கல் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டாது. ஒரு மேகம் வந்து மூடட்டும். வெளிச்சம் பல மடங்கு குறையும். ஆனால் அரை டிகிரி விளக்கு போய் வானம் முழுவதுமே விளக்காகிவிடும். கண்குழிக்குள் எந்தத் திசையிலிருந்தாவது ஒளி நுழைந்துவிடும்.

மேகத்துக்கு விண்ணப்பம் போட முடியாது. ஆனால் மைதானத்தில் இன்னொரு பெரிய விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருக்கிறது. அது தரை.

வெளிச்சத்தை அளக்கும் அலகான லக்ஸில் சொன்னால், நேர் வெயில் சுமார் ஒரு லட்சம். நீல வானம் மட்டும் தரும் வெளிச்சம் அதில் பத்தில் ஒன்று, கூடிப்போனால் ஐந்தில் ஒன்று. புருவத்துக்குக் கீழே ஒடுங்கியிருக்கும் கண்ணுக்கு அந்த வானத்திலும் பாதி தெரியாது. அதற்கு எதிரே விரிந்திருப்பது தரைதான். கண்ணில் ஒளி இருப்பதும் இல்லாததும், கால் எதன்மேல் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. பசும்புல் தன்மேல் விழும் வெளிச்சத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கைத் திருப்பித் தந்தால் பெரிது. அதையும் பச்சையாகத் தரும். செம்மண் கொஞ்சம் தாராளம், கன்னத்தின் அடியில் செந்நிறம் பூசிவிடும். காய்ந்த மணல் மூன்றில் ஒரு பங்குவரை திருப்பித் தரும். மெரினா மணலில் வாலிபால் ஆடுபவர்களை நண்பகலில் எடுத்தாலும் முகம் தெளிவாக விழுவதற்கு இதுவே காரணம். எல்லாவற்றுக்கும் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு. ஓடுகளக் கோடுகள் உங்கள் பள்ளியிலேயே இருக்கும் மிக நல்ல பிரதிபலிப்பான்கள், அகலம்தான் போதாது.

ஆசிரியைக்கு எழுதிய பதில் இதுதான். வெற்றி மேடையைத் திருப்பிப் போடுங்கள். விருந்தினர்களைப் பார்க்கும்படி மேடை போடுவது வழக்கம். சூரியனுக்குத் தெரியாத மரியாதை அது. ஜனவரியில் தென்காசியில் நண்பகல் சூரியன் உச்சியிலிருந்து ஏறக்குறைய 30 டிகிரி தெற்கே சாய்ந்திருக்கும். பிள்ளைகள் வடக்கே பார்த்து நின்றால் முகம் முழுவதும் நிழலுக்குள் வந்துவிடும். பாதி வெயில், பாதி நிழல் என்ற சண்டை தீர்ந்தது. முன்னால் இருக்கும் வெயில் தரை அந்த முகத்துக்கு விளக்குப் பிடிக்கும். போன் திரையில் முகத்தைத் தொட்டு வெளிச்சத்தை அதற்கு ஏற்றுங்கள். நம் பிள்ளைகளின் கறுப்பு நிறம் திருப்பித் தரும் ஒளி குறைவு. பக்கத்தில் வெள்ளைச் சட்டை இருந்தால் கேமரா சட்டையின் பேச்சைக் கேட்டு முகத்தை இன்னும் இருட்டாக்கும். ஃபிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் வண்ணத்தைச் சரிபார்க்க ஆய்வகங்களுக்கு அனுப்பிய அட்டையில் பல ஆண்டுகள் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அந்த ஓரவஞ்சனை இப்போது குறைந்திருக்கிறது, தீர்ந்துவிடவில்லை. நம் தோல் நிறங்களை வைத்துக் கேமராக்களைச் சோதிக்கும் ஆய்வுக்கு ராக்கெட்டுக்கு ஆகும் பணம் ஆகாது. நம் பொறியியல் கல்லூரிகள் இதை ஏன் கையில் எடுக்கக் கூடாது?

முகத்துக்கு ஏற்றினால் பின்னால் வானம் வெளுத்துப் போகும். வெளுத்த இடத்தைப் பிறகு மீட்க முடியாது. ஒளி நிரம்பி வழிந்த புள்ளியில் எந்தத் தகவலும் மிச்சமில்லை. எனவே வானத்தைப் படத்துக்குள் விடாமல், பின்னணியில் ஒரு புளிய மரம் வரும்படி நின்றுகொள்ளுங்கள். சித்திரை பிறக்கும் நாட்களில் இந்த உத்தி செல்லாது. தென்காசியில் அப்போது சூரியன் நேர் உச்சி. சென்னையில் ஏப்ரல் 24 வாக்கில். முதுகைத் திருப்ப ஒரு பக்கமே இருக்காது. தாழ்வாரத்தின் ஓரத்தில், நிழல் முடியும் கோட்டுக்கு ஓரடி உள்ளே நிறுத்தி எடுங்கள்.

பத்து நாள் கழித்து ஒரு படம் வந்தது. அதே பெண், அதே பழைய போன், நேரம் 12.05. கொடிக்கம்பத்துக்கு வடக்கே நிறுத்தி, மேடைக்கு முன்னால் போன வருடத்து ஃபிளெக்ஸ் பேனரை வெள்ளைப் பின்புறம் மேலே வரும்படி விரித்திருக்கிறார். தலைமுடியின் ஓரம் மட்டும் வெயிலில் மின்னுகிறது. எண் 47 என்று படிக்க முடிகிறது. அவள் கண்ணைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வழக்கமாகக் கண்ணில் மினுக்கு மேல் பாதியில் இருக்கும். இங்கே கீழ்ப் பாதியில் ஒரு வெள்ளைப் பட்டை. அந்தப் பட்டையின் ஓரத்தில், குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனை நீட்டியபடி ஆசிரியை நிற்கிறார்.