கூரை போடும் நாளுக்கு மட்டும் வராதீர்கள்

கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 3.50 லட்சம் ரூபாய் உதவியுடன் 360 சதுர அடியில் எழும் வீடுகளையும், ஒப்பந்ததாரருக்கு இடமளிக்காத பிரதமரின் ஊரக வீட்டுத் திட்ட வீடுகளையும் எழுப்புவதில் உறவினர்களின் உழைப்புக்கும் அக்கம்பக்கத்தாரின் உழைப்புக்கும் பெரும் பங்கு உண்டு. இன்று உங்கள் கூரைக்கு நாங்கள், நாளை எங்கள் கூரைக்கு நீங்கள் என்னும் இந்த ஏற்பாட்டை நான் மதிக்கிறேன். ஆனால், போட்டுச் சில நாள்களே ஆன இன்னொரு கூரையிலும் வெடிப்புகளைப் பார்த்துவிட்டு வந்த பிறகு, ஒரு கட்டடப் பொறியாளனாக இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

காங்கிரீட் காய்ந்தால்தான் இறுகும் என்று இன்னமும் நம்புகிறார்கள். அது காய்வதால் இறுகுவதில்லை. சிமென்ட் தண்ணீரோடு வினைபுரிவதால் இறுகுகிறது. அந்த வினை நாள்கணக்கில் நடக்கிறது. ஈரம் வற்றினால் தடைப்படுகிறது. கூரை வெளுத்துவிட்டது, தட்டினால் கணீரென்கிறது என்று மகிழாதீர்கள். அது தாகத்தில் இருக்கிறது என்று பொருள். கூரை போட்ட அன்று தெருவே திரண்டு வந்து உண்டு கலைகிறது. மறுநாள் காலை ஒருவரும் குடத்துடன் வருவதில்லை. சாதாரண சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாள், நம் கடைகளில் பரவலாகக் கிடைக்கும், எரிசாம்பல் போன்றவை கலந்த பி.பி.சி. சிமென்ட்டுக்கும் கடும் வெயில் காலத்துக்கும் குறைந்தது 10 நாள் நீராற்ற வேண்டும், அதாவது ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும் என்கிறது காங்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456. நான் 14 நாள் கேட்பேன். காலையும் மாலையும் தெளித்துவிட்டுப் போவது மே மாதத்தில் போதாது. பாத்தி கட்டி நீரை நிறுத்துங்கள்.

கலவையில் மட்டும் தண்ணீரைக் குறையுங்கள். மணலின் ஈரத்தையும் சேர்த்து 50 கிலோ மூட்டைக்கு 27 லிட்டரைத் தாண்டக் கூடாது. சட்டி கைமாற்றுவோருக்கு எளிதாக இருக்குமென்று இளக்காதீர்கள். காங்கிரீட்டை அதிரவைத்து இறுக்கமாகப் படியவைக்கும் வைப்ரேட்டரை வாடகைக்கு எடுங்கள்.

சன்ஷேடின் முதன்மைக் கம்பி மேற்பக்கம் இருக்க வேண்டும். உதவிக்கு வந்தவர்கள் அதை மிதித்துத் தாழ்த்திவிட்டால், முட்டுகளைப் பிரித்ததும் சன்ஷேடு விழக்கூடும். நடக்கப் பலகை போடுங்கள். கம்பி தூக்கும்போது மேலே மின்கம்பி செல்கிறதா என்று பாருங்கள். குழந்தைகளைச் சாரத்தடியில் விடாதீர்கள்.

சென்ட்ரிங் எனப்படும், கூரையைத் தாங்கும் தகடுகள், முட்டுகளின் வாடகை நாளுக்கு நாள் ஏறுவதும், அதே தகடுகளுக்கு அடுத்த வீட்டார் காத்திருப்பதும் எனக்குத் தெரியும். ஆயினும் பி.பி.சி. சிமென்ட் போட்ட கூரையில் 14 நாளுக்கு முன் முட்டுகளைத் தொடாதீர்கள். யார் யார் உதவிக்கு வருவது என்று பேசி முடிவு செய்யும்போதே, தண்ணீர் நிறுத்தும் இரண்டு வாரங்களையும் குடும்பங்களுக்குள் பிரித்துக்கொள்ளுங்கள். கூலி வேலைக்குப் போகும் தம்பதியின் வீடானால், பகலில் ஊரிலிருக்கும் ஒருவரிடம் அந்தப் பொறுப்பைக் கொடுங்கள்.