பொட்டிக்குள்ள கெடக்குற பேப்பரையும் எடுத்துட்டு வாங்க

பழைய பிலிம் ரீலை ஸ்கேன் பண்ணித் தர்றது என் வேலை. போன மாசம் ஒருத்தர், தாத்தா எடுத்த 16 எம்எம் ரீல்னு ஒரு டப்பா கொண்டு வந்தார், மூடியைத் திறந்ததுமே வினிகர் நெடி (பிலிம் கெட்டுப் போகுதுங்கறதுக்கு அடையாளம்), ஓரமெல்லாம் அப்பளம் மாதிரி நெளிஞ்சிருக்கு. அதுகூட பரவால்ல, பாத்துப் பாத்து ஓட்டி எடுத்துரலாம். உள்ள சீட்டு ஏதாச்சும் இருந்துச்சான்னு கேட்டேன். "பழுப்பேறின பேப்பர் கொஞ்சம் இருந்துச்சு சார், பூச்சி இருக்கும்னு எரிச்சுட்டோம்"ங்கறார். அன்னிக்கு எனக்கு சோறு இறங்கல.

ஏன் இப்படிப் புலம்புறேன்னா, ஊமைப்பட காலத்து சினிமா டைரக்டர் ஆஸ்கர் மிஷோ கதை தெரிஞ்சவன் நான்.

1884-ல அமெரிக்காவுல இல்லினாய்ஸ்ல பொறந்த கறுப்பினத்தவர். ரயில்ல போர்ட்டர் வேலை பாத்தார், அப்புறம் தெற்கு டகோட்டாவுல வெள்ளக்காரங்களுக்கு நடுவுல நிலம் வாங்கி விவசாயம் பண்ணார், அதையே நாவலா எழுதி வீடு வீடாப் போய் தானே வித்தார். அதுல ஒரு நாவலைப் படமாக்க லிங்கன் மோஷன் பிக்சர்னு ஒரு கறுப்பினக் கம்பெனி கேட்டுச்சு. நான்தான் டைரக்ட் பண்ணுவேன்னு மிஷோ ஒத்தக் கால்ல நிக்க, பேச்சு முறிஞ்சு போச்சு. சரி போங்கடான்னு அயோவா மாநிலத்து சூ சிட்டி பக்கத்து விவசாயிங்ககிட்ட ஷேர் வித்து காசு சேத்து 1919-ல தானே எடுத்து ரிலீஸும் பண்ணிட்டார். 8 ரீல் படம். இன்னிக்கு அதுல ஒரு அடிகூட இல்ல.

காரணம் பெருசா ஒண்ணுமில்ல. பிரிண்ட் போட காசு கம்மி, இருக்குற நாலஞ்சு பொட்டியே கறுப்பின மக்கள் வர்ற தியேட்டர் தியேட்டரா சுத்தும், ஒவ்வொரு ஊர்லயும் அறுந்து அறுந்து ஒட்டுப் போட்டு ஓடும், கடைசில தேஞ்சு போயிரும். அப்போ பிலிம் வேற நைட்ரேட்டுங்கற சட்டுனு தீப்பிடிக்கிற ரகம், பத்திக்கிட்டா தண்ணிக்குள்ள முக்குனாலும் எரியும். மிஷோ எடுத்த ஊமைப்படம் இருபதுக்கு மேல, மிச்சம் இருக்குறது மூணே மூணு.

அதுல வித்தின் அவர் கேட்ஸ்னு ஒரு படம், 1920. வெள்ளக்காரக் கும்பல் ஒரு கறுப்பினத் தம்பதியைக் கட்டித் தொங்கவிடுறதை அப்படியே காட்டுன படம். 1919 ஜூலையில சிகாகோ இனக் கலவரத்துல 38 பேர் செத்து ஆறு மாசம்தான் ஆகியிருந்துச்சு, இதைப் போட்டா மறுபடி பத்திக்கும்னு சென்சார் பயந்துச்சு. அதுவும் காணாமப் போன படம்தான்னு ரொம்ப வருஷம் நெனச்சுட்டிருந்தாங்க. கடைசில எங்க கெடைச்சுதுங்கறீங்க? ஸ்பெயின்ல, மாட்ரிட் ஆவணக்காப்பகத்துல, லா நெக்ரான்னு வேற பேர்ல. டைட்டில் கார்டு (ஊமைப்படத்துல நடுநடுவுல வசனத்தை எழுதிக் காட்டுவாங்களே, அது) எல்லாம் ஸ்பானிஷ், இங்கிலீஷ் கார்டு மிஞ்சுனது நாலே நாலு.

இப்ப என் தொழில்காரனுக்குத் தலைவலி ஆரம்பிக்கிற இடம் இது. படம் இருக்கு, பேச்சு இல்ல. ஸ்பானிஷை அப்படியே திருப்பிப் போட்டா அது மிஷோ எழுதுனது ஆகாது, ஸ்பெயின் ஆளுங்களுக்குப் புரியணும்னு அங்க விளக்கம் வேற சேத்திருந்தாங்க. படத்தை மீட்டவங்க அதையெல்லாம் கழிச்சாங்க. அப்புறம் மனுஷன் எப்படி வார்த்தை போடுவார்னு பாக்க அவரோட நாவலை எடுத்து வச்சுக்கிட்டாங்க, கூடவே பாடி அண்ட் சோல்ங்கற இன்னொரு படத்தோட கார்டையும் (அந்த ஒண்ணுதான் இங்கிலீஷ் கார்டோடவே மிஞ்சுச்சு, 1925, பாடகர், நடிகர் பால் ராப்சனுக்கு முதல் படம்). 1993-ல அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் படத்தை மீட்டு முடிச்சுது. வீடு வீடா வித்த பேப்பர்தான் எழுபது வருஷம் கழிச்சு அவர் படத்துக்கு வாய் குடுத்துச்சு. நடுவுல ஒரு சீன் கெடைக்கவே இல்ல, அந்த இடத்துல கதையைச் சொல்லி ஒரு கார்டு மட்டும் நிக்கும்.

அதனாலதான் கெஞ்சிக் கேக்குறேன், வீட்டுல ரீல் இருந்தா பரண்ல வெக்கையில வைக்காதீங்க, டப்பா மூடியில கிறுக்கியிருக்குறதைத் தொடைக்காதீங்க, லேப் பில்லு, சென்சார் சீட்டு, பின்னாடி பேர் எழுதுன போட்டோ, எது கெடைச்சாலும் சேத்துக் கொண்டாங்க. 1952-க்கு முந்தின 35 எம்எம்னா நைட்ரேட்டா இருக்கலாம், நீங்களா புரொஜக்டர்ல போட்டுப் பாக்கவே கூடாது, போன் பண்ணுங்க, நாங்களே வந்து பாக்குறோம்.

அந்தத் தாத்தா ரீலை முடிச்சுக் குடுத்துட்டேன். ஏதோ ஒரு கல்யாண வீடு, வாசல்ல வாழமரம், பதினோரு பேர் வரிசையா நின்னு கேமராவைப் பாத்து சிரிக்கிறாங்க. யார் யாருன்னு கேட்டேன், அவருக்குத் தாத்தாவை மட்டும்தான் தெரிஞ்சுது, அவரும் கேமராவுக்குப் பின்னாடி நின்னவர்.