புரூணை ஏன் இரண்டு துண்டாகக் கிடக்கிறது?

போர்னியோத் தீவின் வரைபடத்தில் புரூணை இரண்டு துண்டாகக் கிடப்பதும், நடுவே மலேசியாவின் லிம்பாங் ஆப்பு அறைந்தாற்போல் செருகியிருப்பதும் ஏன் என்று பள்ளி ஆசிரியர் ஒருவர் கேட்டிருந்தார். 1846இல் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் புரூணை நகரைத் தாக்கியதும் லபுவான் தீவு கைமாறியதும் பலரும் அறிந்த செய்திகள். ஆனால் நிலத்தைக் கரைத்ததில் பீரங்கியைவிட, பிரிட்டனும் புரூணையும் செய்துகொண்ட 1847ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்கே பங்கு அதிகம்.

அதன் பொறி நுட்பமானது. துறைமுகத்துக்கு வரும் பிரிட்டிஷ் கப்பலிடம், சரக்கின் மதிப்பு எதுவாயினும், டன்னுக்கு ஒரு டாலருக்கு மேல் வாங்கக் கூடாது. நாட்டில் விளைவதை ஏற்றுமதி செய்தால் வரியே கிடையாது. ஆகவே வணிகம் எவ்வளவு வளர்ந்தாலும் சுல்தானின் கருவூலம் அதற்கேற்ப நிறையாது. பணத்துக்கு எஞ்சியிருந்த முக்கிய வழி, ஆறுகளையும் அவற்றின் வருவாய் உரிமையையும் பிறருக்குக் கொடுத்து ஆண்டுத்தொகை பெறுவதுதான். ஆனால் பத்தாம் பிரிவு, பிரிட்டனின் இசைவின்றி எந்த நிலத்தையும் பிறருக்கு விட்டுக்கொடுக்கலாகாது என்றது. விற்கத் தூண்டும் வறுமையும் வாங்குவோரை வடிகட்டும் பூட்டும் ஒரே தாளில் இருந்தன. சாவி மட்டும் லண்டனில். இதில் பிரிட்டன் சார்பில் கையொப்பமிட்ட ஜேம்ஸ் புரூக், அப்போதே புரூணையிடமிருந்து, இன்று மலேசிய மாநிலமாக உள்ள சரவாக்கைப் பெற்று அதன் ராஜாவாக இருந்தவர் என்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு தீர்வதில்லை. புரூக் குடும்பத்தின் ஆசைக்கும் அந்தப் பூட்டு சில காலம் தடைபோட்டது. பாராம் ஆறு 1882இல்தான் அவர்கள் கைக்குப் போயிற்று.

1888இல் புரூணை பிரிட்டனின் பாதுகாப்பின் கீழ் வந்தது. வெளிநாட்டு உறவு லண்டனுக்கு, உள்நாட்டு ஆட்சி சுல்தானுக்கு. அதே ஆண்டு சரவாக்கும் அதே பாதுகாப்பைப் பெற்றது. 1890இல் ஜேம்ஸுக்குப் பின் சரவாக்கின் ராஜாவான சார்ல்ஸ் புரூக் லிம்பாங்கை எடுத்துக்கொண்டபோது சுல்தான் ஹாஷிம் இழப்பீட்டை வாங்க மறுத்தார். வேறொரு நாட்டிடம் முறையிட ஒப்பந்தம் இடம் தரவில்லை. இருவருக்கும் காவலரான பிரிட்டனோ பின்னர் இணைப்பை ஏற்றுக்கொண்டது. 1906 முதல், புரூணையில் பிரிட்டன் அமர்த்திய அதிகாரியான ரெசிடெண்டின் ‘ஆலோசனை’, இஸ்லாமிய சமயம் தவிர்ந்த அனைத்திலும், கேட்டு நடந்தே ஆகவேண்டியதாயிற்று. கட்டளைக்கு இத்தனை மென்மையான பெயரை நான் வேறெங்கும் கண்டதில்லை. இத்தகைய பிரிவுகளைச் சொல் சொல்லாக வாசிக்கும் ஆய்வுக்கு நம் பல்கலைக்கழகங்கள் இன்னும் தாராளமாக நிதி ஒதுக்கலாம்.

1984இல் நாடு முழு விடுதலை பெற்ற பின்னும் தலைநகரிலிருந்து, கிழக்குத் துண்டான தெம்புரோங் மாவட்டத்துக்குக் காரில் செல்வோர், லிம்பாங் வழியே போய் இரு எல்லைகளைக் கடந்து, கடவுச்சீட்டில் நான்கு முத்திரைகள் வாங்கவேண்டியிருந்தது. 2020இல் புரூணை விரிகுடாவின் மேல் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளப் பாலம் திறக்கப்பட்ட பிறகே சொந்த நாட்டின் மறுபாதிக்குச் சொந்தச் சாலையில் போக முடிந்தது.